பதிவேட்டின்படி ஆண்

தூய இன முயல் வளர்ப்போர் பேரவையின் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், வம்சப் பதிவேடுகள் இருந்த அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பேரவையின் செயலாளர் முதல் வேலையாக அவசரக் கூட்டத்துக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். இரண்டாவதாக, அந்த அறிவிப்பு நனையாமல் இருக்க அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் ஏறி நின்றார். அதற்குப் பிறகுதான் யாருக்கோ குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது.

குழாய்க்காரர் வந்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்த வால்வைத் தேடிப் பிடித்து மூடினார். அரை நிமிட வேலை. அத்தோடு அவர் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். டீக்கடையில் டீ வருவதற்குள் நாலு தடவை எழுந்து உட்காருவார். பஸ்ஸில் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் முடுக்கிவிட்டு இறங்குவார். அன்றைக்கும் கை சும்மா இருக்கவில்லை. நனைந்த பதிவேடுகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் மின்விசிறிக்குக் கீழே விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, சாயங்காலம் வரை காயவைத்தார்.

செயலாளருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அவர் நெகிழ்ந்தால் பேசுவார்.

"நீங்க காப்பாத்தினது பதினொரு தலைமுறையை! இந்தப் புத்தகம் மட்டும் போயிருந்தா, இங்க இருக்கிற அத்தனை முயலும் யாருக்குப் பொறந்ததுன்னே தெரியாமப் போயிருக்கும்."

"முயலுக்குத் தெரியுமே சார்," என்றார் குழாய்க்காரர், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"முயலுக்கு எப்படித் தெரியும்? அது உறுப்பினர் இல்லையே."

அடுத்த வாரம் அவரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, துணை உறுப்பினர் ஆக்கினார்கள். கூடவே தலைவருடைய சொந்தக் கொட்டிலிலிருந்து வெண்பட்டு இனத்து முயல் ஒன்றையும் கொடுத்தார்கள். அதன் காதுக்குள் பச்சை மையில் எண் குத்தியிருந்தது. சான்றிதழ் இரண்டு முழ நீளம். அதில் முயலின் பெயரே எட்டு வார்த்தை. பெயருக்குக் கீழே 'ஆண்' என்று இருந்தது. அதற்கும் கீழே, கண்ணைக் குறுக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில், மூன்று வருடங்களுக்கு முயல் பேரவைக்கே சொந்தம் என்றும், வைத்திருப்பவர் வெறும் காப்பாளர்தான் என்றும், விதி மீறினால் முயல் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்றும் இருந்தது. குழாய்க்காரர் கண்ணைக் குறுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் யாரும் அவருக்கு மாலை போட்டதில்லை.

வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தாள். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருட அனுபவம்.

"குழாய் ரிப்பேருக்குத்தானே போனீங்க?"

"கௌரவம் பண்ணிட்டாங்க," என்று கூடையை நீட்டினார்.

அவள் சான்றிதழை வாங்கிப் பெயரைப் படித்தாள். "இதைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள இதுக்கு வயசாயிடும்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

பஞ்சு வந்த பிறகு வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சாப்பிடும்போதுகூட முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் மனிதர், முயலை மடியில் வைத்துத் தடவும்போது மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார். கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம்கூட. மனைவி சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் செய்யாமல் திரும்பிப் போவாள்.

அந்த அமைதியையும் பேரவை விட்டுவைக்கவில்லை. காப்பாளர் கையேடு இருநூற்றுப் பதினாலு பக்கம். வாரம் ஒருமுறை காதை அளந்து தபாலில் அனுப்பவேண்டும். இடது காது வலது காதைவிட ஒரு நூல் கூடினால் விளக்கக் கடிதம் எழுதவேண்டும். தினமும் பத்து நிமிடம் 'நிற்கும் பயிற்சி' தரவேண்டும், அதாவது மேஜைமேல் முயலை நிறுத்தி, "கம்பீரம்! கம்பீரம்!" என்று சொல்லவேண்டும். குழாய்க்காரர் ஒன்று விடாமல் செய்தார். பஞ்சு அவரை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டு கையேட்டின் ஓரத்தைக் கடித்தது.

வருடாந்திரக் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னால் ஒழுக்க முகாம் நடந்தது. போட்டிக்கு வரும் ஆண் முயல்கள் பெண் வாடையே படாமல் இருந்தால்தான் மேடையில் வீரியத்தோடு நிற்கும் என்பது பேரவையின் நம்பிக்கை. ஆகவே இருபத்து மூன்று ஆண் முயல்களையும் பேரவையின் அடித்தளத்தில் ஒரே கூடத்தில் ஐந்து நாள் விட்டுவைத்தார்கள். பஞ்சுவும் போயிற்று. தலைவருடைய 'சக்கரவர்த்தி'யும் வந்திருந்தது. நாலு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய முயல்.

ஐந்தாம் நாள் கூட்டி வரப் போனபோது செயலாளர் குழாய்க்காரரின் தோளைத் தட்டினார்.

"உங்க முயலுக்கு என்ன ஒரு தலைமைப் பண்பு! முகாம் முழுக்க மத்த முயல் எல்லாம் அது பின்னாடியேதான் ஓடிச்சு. சக்கரவர்த்தி இருக்கே, அது ஒருத்தர்கிட்டயும் ஒட்டாது. உங்க முயலை விட்டு நகரவே இல்ல. ஆண்களுக்குள்ள அப்படி ஒரு மரியாதை!"

குழாய்க்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பஞ்சு வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலமாரிக்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தது. தடவப் போன அவர் கையை முதல் தடவையாகத் தள்ளிவிட்டது. அவர் பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டார். அவள் முயலைத் தூக்கி மல்லாத்திப் பார்த்தாள். வயிற்றில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். அப்புறம் கீழே விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

"என்ன ஆச்சு? அஜீரணமா?"

"மாசமா இருக்கு."

"யாரு?"

"நம்ம வீட்ல இப்ப யாரைத் தூக்கிப் பார்த்தேன்? பஞ்சுதான். எட்டோ ஒம்பதோ இருக்கும். இன்னும் ஒரு வாரம்."

"பஞ்சு ஆணாச்சே!"

"யார் சொன்னது?"

"சான்றிதழ்ல போட்டிருக்கு."

"அப்போ சான்றிதழுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லுங்க," என்று அவள் துண்டில் கையைத் துடைத்தாள்.

ஒரு வாரத்தில் கண்காட்சி. குழாய்க்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீட்டில் குளியலறைக் குழாய்க்குப் பதிலாகச் சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டார். மத்தியானம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, முயலைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பேரவைக்கு ஓடினார்.

வம்சப் பதிவாளர் ஓர் அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குழாய்க்காரர் காயவைத்த அதே பதிவேடுகள் அலையலையாக நெளிந்த பக்கங்களோடு அந்த அம்மாளுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன.

"மேடம், நம்ம முயல் பெண்ணுங்க."

"எண்?"

குழாய்க்காரர் சொன்னார். பதிவாளர் புரட்டினார். "ஆண்."

"இல்லைங்க மேடம். கர்ப்பமா இருக்குது."

பதிவாளர் பென்சிலை எடுத்து 'கர்ப்பமான ஆண்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அழித்தார். "அப்படி ஒரு பிரிவு இல்ல."

"கூடையிலேயே கொண்டு வந்திருக்கேன் மேடம். நீங்களே ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா..."

பதிவாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "மூடுங்க, மூடுங்க! முயலைப் பார்க்கிறது என் வேலையா? இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு முயலைக்கூட ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது. அதனாலதான் இந்தப் பதிவேட்டுல ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. பார்க்க ஆரம்பிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா வம்சம் ஏது?"

"அப்போ இதை எப்படிங்க மாத்துறது?"

"பால் திருத்த விண்ணப்பம் இருக்கு. வளர்த்துக் கொடுத்தவர் சம்மதக் கையெழுத்து வேணும். அது தலைவர். அவர் போட மாட்டார். போட்டார்னா மூணு வருஷம் கண்காணிப்பு. மூணு வருஷமும் முயல் தொடர்ந்து பெண்ணாவே இருந்தா, குழு கூடிப் பரிசீலிக்கும்."

"மூணு வருஷமா? ஞாயித்துக்கிழமை பிரசவம் மேடம்!"

"ஞாயித்துக்கிழமை கண்காட்சி," என்று பதிவாளர் திருத்தினார்.

பக்கத்து அறையில் செயலாளர் சுவரொட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் உயரச் சுவரொட்டி. அதில் பஞ்சு. கீழே 'நாளைய ஆண்மகன்' என்று தங்க எழுத்து.

"கண்காட்சிக்கு வரலையா? என்ன பேச்சு இது?" என்றார் அவர். "பதினேழு உறுப்பினர்கள் உங்க முயலைத் தங்கள் முயலுக்கு மாப்பிள்ளையாக் கேட்டு வரிசையில நிக்கிறாங்க. இதுல நாலு பேர் செயற்குழு. நான் இப்போ அவங்ககிட்டப் போய், மாப்பிள்ளை முழுகாம இருக்கார்னு சொல்லவா?"

"உண்மை அதுதானே சார்."

"உண்மையை எல்லாம் வீட்ல வெச்சுக்குங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டேனா? வராமப் போனீங்கன்னா விதி நாற்பத்தொண்ணு. முயலைத் திரும்ப எடுத்துக்குவோம்."

"எடுத்து?"

"பின்கூடத்துல கூண்டு இருக்கு. அடியில கம்பி வலைதான். வைக்கோல் கிடையாது, குப்பை கிடையாது. படு சுத்தம்."

குழாய்க்காரர் கூடைக்குள் பார்த்தார். கம்பி வலையில், வைக்கோல் இல்லாமல், எட்டோ ஒம்பதோ. அவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் நடையாய் நடந்தார். படுத்தால் எழுந்தார், எழுந்தால் அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். சனிக்கிழமை மனைவி, "பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் பார்த்திருக்கேன், உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல," என்றாள். ஆனால் அவளுக்கும் கவலைதான். ஞாயிறு காலை அவளுக்கு டியூட்டி, லீவு கிடைக்கவில்லை. "ஏதாவதுன்னா உடனே போன் பண்ணுங்க," என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

கண்காட்சிக் கூடத்தில் முயல்களின் ரோமம் பளபளப்பாக இருக்கவேண்டும் என்று குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்கினார்கள். நூறு கூண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் எட்டு வார்த்தைப் பெயர். நடுவில் நீல வெல்வெட் விரித்த மேஜை. வெள்ளைக் கோட்டு போட்ட தலைமை நடுவர் ஒவ்வொரு முயலையும் மேஜையில் வைத்து, ஒலிபெருக்கியில் தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

பஞ்சுவின் முறை வந்தது. இறுதிச் சுற்று.

"தாடைக்குக் கீழே சதை மடிப்பு," என்று நடுவர் ஆரம்பித்தார். "ஆணுக்கு இவ்வளவு பெருசா அமையறது அபூர்வம். ராஜகளை! பத்துக்குப் பத்து. வயிறு." கையை வைத்தார். கை வைத்த இடத்தில் வயிறு உள்ளேயிருந்து உதைத்தது. நடுவர் கண்கள் விரிந்தன. "பார்த்தீங்களா! தசை தானாத் துடிக்குது! இதுதாங்க ஆண்மை! பத்துக்குப் பதினொண்ணு கொடுக்க விதியில இடம் இல்லையேன்னு வருத்தப்படுறேன்."

கைதட்டல். பஞ்சு தன் மார்பு ரோமத்தை வாயால் பிய்த்து வெல்வெட்டின்மேல் குவிக்க ஆரம்பித்தது.

"போர்க்குணம்," என்றார் நடுவர். "ஆனா மார்புல ரோமம் குறையுது. அரை மதிப்பெண் கழிச்சுக்குங்க."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரர் எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மறுபடி எழுந்தார். அதற்குள் மேஜைமேல், ரோமக் குவியலில், சிவப்பாக, சுண்டுவிரல் நீளத்தில் ஏதோ ஒன்று கிடந்து நெளிந்தது.

நடுவர் அதைக் குனிந்து பார்த்தார். "மேஜையைச் சரியாத் துடைக்கிறதில்லையா?"

இரண்டாவது வந்தது. "யாரோ எதையோ போடுறாங்க. முன் வரிசை கொஞ்சம் பின்னால நகருங்க." நான்காவது வந்தபோது துப்புரவுக்காரரைக் கூப்பிட்டார். ஆறாவது வந்தபோது ஒலிபெருக்கியை அணைத்தார். எட்டாவதோடு பஞ்சு நிறுத்திக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நக்க ஆரம்பித்தது.

கூடத்தில் குளிர்சாதனம் மட்டும் உறுமியது.

அதன்பிறகு பேரவை மின்னல் வேகத்தில் செயல்பட்டது. பஞ்சுவுக்கு மதிப்பெண் போட்டு முடித்தாயிற்று; அதுதான் முதலிடம்; ஆகவே பரிசளிப்பு முடியும் வரை மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்று தூக்கிப்போய் வைத்துப் பூட்டினார்கள். எட்டுக் குட்டிகளுக்கும் காதில் எண் இல்லை. எண் இல்லாத பிராணி கூடத்துக்குள் இருக்கக் கூடாது. ஆகவே அவற்றை ரோமத்தோடு அள்ளி, வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் 'கண்டெடுக்கப்பட்ட பொருட்கள்' என்று எழுதிய அட்டைப் பெட்டியில், ஒரு குடைக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் போட்டார்கள். பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவசரக் குழு கூடியது.

குழாய்க்காரர் மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"குளிர விடாதீங்க," என்றாள் அவள். "அதுங்களுக்கு உடம்புல முடியே கிடையாது. தாய்கிட்டச் சேர்க்க முடியுதா?"

"பூட்டி வெச்சிருக்காங்க."

"அப்போ உங்க உடம்புச் சூட்டுல வைங்க."

"எப்படி?"

"சட்டையைத் திறந்து உள்ள போடுங்க! கேட்டுட்டு நிக்கிறீங்களே!"

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, குடையை எடுப்பவர்போல, எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பனியனுக்குள் விட்டார். பெல்ட்டை இறுக்கினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். வயிற்றில் எட்டு இடத்தில் ஜில்லென்று இருந்தது. நிமிர்வதற்குள் செயலாளர் வந்து, "உங்களைக் குழு கூப்பிடுது," என்றார்.

அறையில் தலைவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத் தலைவர். குரல் வெண்கல மணிமாதிரி. சுவரில் அவர் பின்னால் அவருடைய படம், படத்தில் அவர் பின்னால் சக்கரவர்த்தியின் படம்.

"நடந்ததைப் பத்தி ரெண்டு கருத்து இருக்கு," என்றார் தலைவர். "குட்டி போட்டுதுன்னு ஒரு கருத்து. அதை இங்க யாரும் சொல்லல. ஒரு முயல் மேஜைமேல என்ன செய்யுதுங்கிறது அந்த முயலோட சொந்த விஷயம். ஆனா அது ஆணா பெண்ணாங்கிறது நம்ம விஷயம். இன்னிக்கு இந்தப் பதிவு தப்புன்னு ஒத்துக்கிட்டோம்னா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க முயலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பிப்பாங்க. தூக்கிப் பார்த்தே எல்லாத்தையும் தெரிஞ்சுக்கலாம்னு ஆயிட்டா, அப்புறம் நாம எதுக்கு?"

குழு மேஜையைத் தட்டியது. அந்த அதிர்வில் குழாய்க்காரரின் சட்டைக்குள் இருந்தவை விழித்துக்கொண்டு பால் தேட ஆரம்பித்தன. ஒன்று விலாவில் முட்டியது. ஒன்று தொப்புளைச் சப்பியது. அவர் ஒருபக்கமாக வளைந்தார், பிறகு மறுபக்கமாக.

"ஏன் நெளியறீங்க?" என்றார் தலைவர்.

"உணர்ச்சிங்க ஐயா."

தலைவர் தலையசைத்தார். தம் பேச்சு அப்படித்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும். செயலாளர் ஒரு தாளை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: இன்று மேஜைமேல் எதுவும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் மேற்படி முயலுக்குப் பிறக்கவில்லை. மேற்படி முயலுக்குப் பிறந்திருந்தால் அது தகப்பன் என்ற முறையிலேயே. இதைக் காப்பாளராகிய நான் மனப்பூர்வமாக உறுதி செய்கிறேன்.

"கையெழுத்துப் போட்டா முயலை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாங்க?"

"பரிசளிப்பு ஆறு மணிக்கு. அதுக்கப்புறம் குழுப்படம். எட்டு மணிக்குத் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

மணி பன்னிரண்டரை. அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போதுதான் கவனித்தார்: இடது பக்கம், பெல்ட்டுக்கு மேலே ஒன்று அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவை முண்டின. அது மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி, சில்லென்று இருந்தது.

எத்தனையோ மாதமாக அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, காதை அளந்து, கம்பீரம் கம்பீரம் என்று கத்திய மனிதருக்கு, அந்த நிமிடத்தில் மண்டைக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. முழங்கால் ஆடவில்லை. வெடித்த குழாயின் முன்னால் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார். தலைமை நடுவரிடம் கண் நின்றது.

"சார், நம்ம முயலுக்கு மார்புல முடி கொட்டியிருக்குன்னு சொன்னீங்களே. உள்ளங்கை அகலத்துக்கு மொட்டையா இருக்கு. பிரசவம் இல்லைன்னா அது எதனால சார்?"

நடுவர் தலைவரைப் பார்த்தார்.

"கையேட்டுல நூத்து அறுபதாம் பக்கம் படிச்ச ஞாபகம்," என்று குழாய்க்காரர் பணிவாகத் தொடர்ந்தார். "காரணம் தெரியாம முடி கொட்டினா சொறி நோய்னு எடுத்துக்கணும்னு போட்டிருந்துச்சு. ஒட்டிக்குமாமே. ஆறு மணி வரைக்கும் கூடத்துலேயே இருக்கட்டும்னு சொல்றீங்க, நீங்க பெரியவங்க, சொன்னா சரிதான். சக்கரவர்த்தி கூண்டு பக்கத்துலதானே இருக்கு?"

முதலில் எழுந்தது தலைவர். நாற்காலி பின்னால் விழுந்தது. முயலைத் தொட்ட கையைக் கோட்டில் தேய்த்துக்கொண்டே நடுவர் குழாய் எங்கே, சோப்பு எங்கே என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் கண்ணாடிப் பெட்டியின் சாவி வந்தது. செயலாளர் அதைக் குச்சியின் நுனியில் மாட்டி நீட்டினார். "பின்வாசல் வழியா! யாரையும் தொடாம!" என்று எட்ட நின்று கத்தினார். நூறு உறுப்பினர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட, குழாய்க்காரர் பஞ்சுவைக் கையில் ஏந்திக்கொண்டு, சட்டைக்குள் எட்டோடு, கூடத்தைக் கடந்து போனார்.

வீட்டில் அலமாரிக்கு அடியில், பஞ்சு ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த வைக்கோலில் குட்டிகளை விட்டார். பஞ்சு முகர்ந்து பார்த்தது. பிறகு மேலே ஏறி நின்று பால் கொடுத்தது. ஏழு குட்டிகள் முண்டியடித்தன. எட்டாவதை அவர் உள்ளங்கையில் வைத்து ஊதினார், தேய்த்தார், மனைவி வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கிக் காதருகில் வைத்துப் பார்த்தாள்.

"விடுங்க," என்றாள் மெதுவாக. "ஏழு பொழைச்சிருக்கே. எங்க வார்டுலயே சில நாள் இப்படி ஆகிடும்."

அவர் தொட்டியில் இருந்த செடிக்கு அடியில் அதைப் புதைத்தார். அன்றைக்குக் குழாய்க்காரர் வேறு ஒன்றும் செய்யவில்லை. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் பேரவையிலிருந்து தபால் வந்தது. பஞ்சு இந்த ஆண்டின் தலைசிறந்த ஆண் முயல் என்றும், உடல்நலக் காரணத்தால் கோப்பை பிறகு அனுப்பப்படும் என்றும் இருந்தது. நான்காம் நாள் வாசலில் செயலாளர் நின்றார். சொறி நோயைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னார். கையில் கூடை இருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சக்கரவர்த்தியோட ரத்தம், பாருங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"பிறக்கவே இல்லைன்னு கையெழுத்து வாங்கினீங்களே சார்."

"அது பேரவைக்கு. நான் வீட்டுக்குத்தானே கேக்கறேன்."

குட்டி தாயை விட்டுப் பிரிய இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று நர்ஸம்மா அவரை அனுப்பிவைத்தாள். மறுநாள் பதிவாளர் அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் தலைமை நடுவர். அவர்கள் எல்லோரும் தெருமுனையில் ஒருவரையொருவர் பார்த்து, பார்க்காததுபோல் போனார்கள்.

ஏழாம் நாள் தலைவரே வந்தார். பெரிய கார் தெருவுக்குள் நுழையாததால் நடந்து வந்தார். வெண்கல மணிக் குரல் சின்ன வீட்டுக்குள் எப்படி ஒலிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. வம்சம் என்றார், பொறுப்பு என்றார், சக்கரவர்த்திக்கு இதுவரை வாரிசே இல்லை என்றார். ஏன் இல்லை என்று அவருக்கு இதுவரை விளங்கவில்லையாம்; வருடம் தவறாமல் முதல்தரமான பெண் முயல்களோடு, எல்லாம் பதிவேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை, சேர்த்து வைத்தாராம்.

குழாய்க்காரரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு குட்டியை எடுத்தாள். இப்போது அதன் மேல் மெல்லிய வெள்ளை ரோமம் வந்திருந்தது. "கையை நீட்டுங்க," என்றாள்.

தலைவர் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"இது கடிக்குமா?"

"நீங்க முயலைத் தொட்டதே இல்லையா ஐயா?" என்று குழாய்க்காரர் கேட்டேவிட்டார்.

"நம்ம கொட்டில்ல அதுக்கெல்லாம் ஆள் இருக்கு."

"கடிக்காதுங்க," என்றாள் அவள். "இன்னும் கண்ணே திறக்கல."

மறுபடி கையை நீட்டினார். அவள் வைத்தாள். குட்டி அவர் உள்ளங்கையில் சுருண்டு, கட்டைவிரலின் அடியில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. முப்பது வருடத் தலைவர் மூச்சு விடாமல் நின்றார். பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

"இது ஆணா, பெண்ணா?"

"இப்போ தெரியாதுங்க. கொஞ்சம் வளரட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்த்தா?" என்றார் தலைவர். குட்டியை முகத்துக்கு நேராக மெல்லத் தூக்கிப் பிடித்தார். "எங்க பார்க்கணும்?"